மடியில் வந்த மண்பிள்ளை

கோயமுத்தூரில் இறங்கியதும் நான் முதலில் வியந்தது அங்கே குழாயில் வரும் தண்ணீரைக் குடித்துத்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் வளர்ந்த என் நாக்குக்கு அது சர்க்கரை கரைத்ததுபோல் இருந்தது. சிறுவாணி மலையிலிருந்து வருகிறதாம். இரண்டு செம்பு குடித்தேன். ஊரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லித் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன். மற்றவற்றை எழுத உட்கார எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

சேகரன் என் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். சென்னையில் படித்து முடித்து, கோயமுத்தூரில் ஒரு பாடசாலையில் சரித்திரம் கற்பிக்கிறான். அந்த ஊரில் வக்கீல்களும் வியாபாரிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பழஞ்சரித்திரக் கழகம் நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுப்பார்கள். காட்டில் சாய்ந்து கிடக்கும் வீரக்கற்களைக் குறித்துக்கொள்வார்கள். பழைய காசு, பானை ஓடு எது அகப்பட்டாலும் சேர்ப்பார்கள். சேகரனுடைய கடிதங்களில் பாதி இந்தக் கழகத்தின் சங்கதிதான்.

பிறகு கடிதம் நின்றது. அதற்குப் பதில் கழகத்தைச் சேர்ந்த கரீம் சாயபு என்பவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. “தங்கள் குமாரர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். தாயார் வந்தால் நல்லது.” இவ்வளவுதான். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினேன்.

அவன் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் குடியிருந்தான். கோடு போட்டு வெட்டியதுபோல் நேரான புதுத் தெருக்கள். எங்கள் ஊரின் வளைந்து போகும் ஒழுங்கைகளில் நடந்து பழகிய எனக்கு எந்த மூலையில் திரும்பினாலும் அதே இடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. கதவைத் திறந்தவனை ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“என்னடா மோனை, எலும்பும் தோலுமாய் நிக்கிறாய்?”

“ஒன்றுமில்லை அம்மா. வெக்கை.”

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வெக்கையாம்.

வீட்டுக்கார அம்மாள் எனக்குச் சந்தகை கொடுத்தார். நமது இடியப்பந்தான், ஆனால் நாம் பிழிந்துவிட்டு அவிக்கிறோம், அவர்கள் அவித்துவிட்டுப் பிழிகிறார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றிப் பிசைந்தால் இரண்டும் ஒன்றுதான். சேகரனுடைய தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

அவன் குளிக்கப் போனபோது அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “தங்கமான பையனுங்க. ஆனா மில்லுல பன்னெண்டு மணிச் சங்கு ஊதுச்சுன்னாப் போதும், பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிர்றாருங்க. நான் என்னத்தக் கேக்கறதுங்க?”

இரண்டாம் நாள் சங்குக்கு முன்பே நானும் அவனோடு புறப்பட்டேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

போன இடம் ஒரு வாசகசாலையின் மாடி. கழகத்தார் அங்கே கண்காட்சி வைத்திருந்தார்கள். ஆள் ஒருவர் குந்தியிருக்கக்கூடிய பெரிய தாழி, கழுத்துடைந்த பானைகள், புலியைக் குத்தும் வீரன் செதுக்கிய கல். கம்பியில் வரிசையாகக் கறுப்புத் தாள்கள் தொங்கின. அவை கரீம் சாயபுவின் கைவேலை. கோட்டைமேட்டில் புத்தகம் பைண்டு செய்கிறவர், தாடி நரைத்தவர், விரல்களில் எப்போதும் மை. கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டி, காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றுவாராம். பள்ளமாக இருந்த எழுத்துக்கு மை பிடிக்காது. கறுப்பில் வெள்ளையாக எழும்.

“கல்லு பேசாதுங்கம்மா. கன்னத்துல தட்டுனாத்தான் பேசும்,” என்று சிரித்தார். தலைக்கு மேல் மின்சார விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தாள்கள் மூச்சுவிடுவதுபோல் உப்பி அடங்கின.

நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. துடைப்பதற்காக அதன் மூடியைச் சாயபு கழற்றி வைத்திருந்தார். உள்ளே ஒரு முழத்துக்குச் சற்று அதிக உயரத்தில் மண்ணால் செய்து சுட்ட பெண் குழந்தை ஒன்று நின்றது. கைகள் பக்கவாட்டில் ஒட்டியிருந்தன. எண்ணெய் ஏறி, புகை ஏறி, தோல்போலக் கறுத்துப் பளபளத்தது. கீழே சேகரனுடைய கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘குழந்தை உருவம். சுட்ட மண். மிகப் பழமையானது.’

அதன் முகத்தில் தூசி படிந்திருந்தது. எந்தப் பிள்ளையின் முகத்தில் அழுக்கைக் கண்டாலும் என் கை சும்மா இராது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அப்போது சங்கு ஊதியது.

படியேறி ஒரு குடியானவர் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கையிலிருந்த தூக்குப்போசியைத் திறந்து, ஒரு பிடி கம்பஞ்சோற்றை இலையில் வைத்துப் பெட்டிக்கு எதிரே நகர்த்தினார். சேகரன் சுவரோடு சாய்ந்து அதைப் பார்த்தபடி நின்றான்.

“வாங்க நாச்சிமுத்துக் கவுண்டரே, பொண்ணு எப்படி இருக்குதுங்க?” என்று சாயபு கேட்டார்.

“இருக்குதுங்க. வெளிச்சத்துல கண்ணு கூசுதுங்குது. சுத்தியும் ஆளுக நின்னு பாக்கறாங்களாமா. வெளிய வரலாம்னா என்னமோ தண்ணியாட்டம் தடுக்குதுங்களாம், ஆனா நனையறதில்லீங்களாம்.” மழையைப் பற்றிப் பேசுகிறவர்போல் முகத்தில் ஒரு புன்னகையோடுதான் சொன்னார்.

நான் ஆசிரியை. “நீங்கள் இங்கே கண்டதை வீட்டில் போய்ச் சொல்லியிருப்பீர்கள். அதைத்தானே பிள்ளை சொல்கிறாள்?” என்றேன்.

“இல்லீங்க அம்மணி. அவ சொன்ன அடையாளத்த வெச்சுத்தான் நான் இந்த எடத்தையே கண்டுபுடிச்சேன். தலைக்கு மேல நாலு றெக்க சுத்துதுப்பா, ஆனா பறக்க மாட்டீங்குதுன்னா. டவுனுப்பக்கம் வந்து கேட்டேன். பேன் மாட்டுன எடத்துல மண்ணுப் புள்ள இருக்குதுன்னாங்க.”

நான் மேலே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அவர் சொன்னதும் சேகரன் சொன்னதும் சேர்த்து எனக்கு விளங்கியது இதுதான். அவர்கள் ஊரில் பிள்ளைக்கு அம்மையோ பெருநோயோ வந்தால், குயவரிடம் சொல்லி அந்தப் பிள்ளையைப்போல் ஓர் உருவாரம் செய்து கருப்பராயன் கோயிலில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, கிழமாகும் வரை அது நிற்க வேண்டும். அந்த ஆள் இறந்தால்தான் படுக்க வைப்பார்கள். கழகத்தார் போனபோது ஊர்ப் பெரியவர், “கெடக்கறதுல எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று முறையாக அனுமதி கொடுத்தார். நாச்சிமுத்துவின் மகள் பாவாத்தாளின் உருவாரம் அதற்கு முந்திய நாள் காற்றில் சாய்ந்து விழுந்திருந்தது. கிடந்தவற்றோடு கிடந்தது. சேகரன் எடுத்தான். அன்று முதல் பாவாத்தாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அப்ப என்ற புள்ளைய செத்தவங்களோட சேத்தாச்சுங்களே,” என்றார் நாச்சிமுத்து. அப்போதும் அதே மரியாதை.

“ஆனால் எவ்வளவு பழையதாக இருந்தது, அம்மா!” என்றான் சேகரன்.

“வருசா வருசம் நோம்பிக்கு வெளக்கெண்ண பூசுவோமுங்க தம்பி. அதான் கறுத்துப்போச்சு. அவளுக்கு இப்பத்தான் பதினஞ்சு.”

“பிறகு ஏன் நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை?” என்றேன்.

“எப்படீங்க கேக்கறது? பெரிய மனுசங்க, பொட்டியெல்லாம் செஞ்சு வெச்சிருக்கறீங்க. அதுமில்லாம நான் தூக்கிட்டுப் போகக் கூடாதுங்க. பெத்தவன் தூக்குனா அது வேற தூக்கறது, சுடுகாட்டுக்குத் தூக்கறது.” தூக்குப்போசியை மூடினார். “ஒண்ணுமில்லீங்க. பாத்துட்டுப் போலாம்னுதான் வர்றது.”

மூன்றாம் நாள் காலை கழகத்தின் காரியதரிசியான வக்கீலைப் பார்க்கப் போனேன். நல்ல காப்பி கொடுத்தார். நம் வீட்டுக் கோப்பியை இனி அதே பெயரால் அழைக்க எனக்கு வெட்கம்.

“ஏனுங்கம்மா, படிச்சவங்க நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க? அடுத்த மாசம் பட்டணத்துல இருந்து ஆராய்ச்சிக்காரர் வர்றாரு. கமிட்டி கூடித் தீர்மானம் போடாம ஒரு ஓட்டுத்துண்டு வெளிய போகக் கூடாதுங்க.”

“ஐயா, நீங்கள் மிகப் பழமையானது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிற பிள்ளை ஊரில் கட்டிலில் கிடக்கிறாள். ஆராய்ச்சிக்காரர் அவளையும் வந்து பார்ப்பாரா?”

அவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். “ஞாயித்துக்கிழமை கூடட்டுங்க,” என்றார். அன்று செவ்வாய்.

வாசகசாலைக்குத் திரும்பி வந்து சாயபுவிடம் சொன்னேன். பைண்டு வேலைக்கு வைத்திருக்கும் கத்தியால் அவர் பெட்டியின் மூடியில் மறுபடி அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். “தீர்மானத்த அப்புறமாப் போட்டுக்கட்டும். என்னைக் கழகத்துல இருந்து தள்ளுனா, போறப்ப மைக்கூட்டையும் எடுத்துட்டுப் போயிருவேன். அப்புறம் இவங்க கல்ல நக்கித்தான் படிக்கோணும்.” எடுத்து என் கைகளில் வைத்தார். “நீங்க தூக்குங்கம்மா. தம்பி தூக்குன கை செத்ததுன்னு நெனச்சுத் தூக்குன கை.”

சுட்ட மண் அவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான்காம் நாள் அவிநாசி வழியில் போகும் மோட்டார் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் சேகரன், பக்கத்தில் நான், எதிரே சாயபு. உருவாரத்தைத் துண்டால் போர்த்தி மடியில் வைத்திருந்தேன். எங்கள் ஊர் பஸ்களில் ஆளுக்கு ஆள் முகம் பார்க்க மாட்டார்கள்; இங்கே ஏறினவர் எல்லாரும் எந்த ஊர், என்ன சோலி என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

“ஏனுங்கம்மணி, மடியில இருக்கறதுக்கு அரை டிக்கெட்டுங்களா, சும்மாங்களா?” என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். “தூங்குதாட்டங்குது. மொகத்தையாச்சும் காட்டுங்க.”

காற்றில் துண்டு விலகியது. கண்டக்டர் பார்த்தார். கையிலிருந்த டிக்கெட் புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தார். “உருவாரமுங்களா,” என்றார். “உக்காருங்க, உக்காருங்க. நல்லாச் சாஞ்சு உக்காருங்க.” அதன் பிறகு பஸ்ஸில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. பின்சீட்டுக் கிழவர் ஒருவர் மட்டும் அடிக்கடி எழுந்து வந்து, அது எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

கருமத்தம்பட்டிக்குச் சற்று முன்னால் டயர் வெடித்தது. வண்டி இடதுபக்கம் சாய்ந்து, ரோட்டை விட்டிறங்கிப் புளியமரத்தை உரசி நின்றது. எல்லாம் ஒரு மூச்சுக்குள். அந்த ஒரு மூச்சை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். சேகரனுடைய தலை ஜன்னல் இரும்பை நோக்கிப் போனதை நான் கண்டேன். என் கை எட்டும் தூரம். கண்டுகொண்டே, என் இரண்டு கைகளும் மண்பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தன.

நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் இல்லை. அவன் கேட்ட முதல் கேள்வி, “உடைந்துவிட்டதா, அம்மா?” என்பதுதான்.

அது உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. சாயபு தம் தோள்துண்டைக் கிழித்து அவனுக்குக் கட்டுப்போட்டார். எனக்கு என் கைகளைப் பிரிக்கத் தெரியவில்லை.

கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு மாட்டு வண்டி அமர்த்திப் போனோம். ஆளில்லாத சோளக்காடு, பனை, கிளுவை வேலி. பனை எங்கள் ஊர்ப் பனைதான். ஆனால் எங்கள் பனைகள் கடல் இரைச்சலோடு சேர்ந்து பேசும். இங்கே தனியாகப் பேசின.

நாச்சிமுத்துவின் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி காளியாத்தாள் எங்களை எதிர்கொண்டார். என் கையிலிருந்ததைப் பார்த்தும் தொடவில்லை. “வாங்க, வாங்கம்மணி. மொதல்ல தண்ணி குடிங்க,” என்றார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் பாவாத்தாள் கண்ணை மூடிக் கிடந்தாள். மெலிந்த பெண். நான் வாசற்படியில் கால் வைத்ததும் கண்ணைத் திறந்தாள்.

“நீங்கதானுங்க மொகத்தத் தொடச்சு உட்டீங்க?”

அன்று அவள் தகப்பன் படியேறி வருவதற்கு முன்பே நான் துடைத்துவிட்டேன் என்று எனக்குள் கணக்குப் பார்த்தேன். “ஓம் பிள்ளை,” என்றேன்.

“வர்ற வழியில உழுகப் பாத்தேன். இறுக்கிப் புடிச்சுட்டீங்க.” விலாவைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். “இன்னும் வலிக்குதுங்க.”

பஸ் விபத்தைச் சொல்ல எங்கள் வண்டிக்கு முன்னால் அந்த ஊருக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை. காளியாத்தாள் மகளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற சேகரனின் நெற்றிக் கட்டில் ஊறியிருந்த இரத்தத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

“அப்ப உங்க பையனை ஆருங்க புடிச்சாங்க?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உச்சிப்பொழுதில் கோயிலுக்குப் போனோம். கூரை இல்லாத கோயில். வேலமரங்களுக்கு நடுவே ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான். அதற்கு முன்னால் வரிசை வரிசையாக மண்மனிதர்கள். குழந்தைகள், மீசை வைத்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். எல்லாரும் கிழக்கே பார்த்தபடி நிழலில்லாமல் நின்றார்கள். உள்ளே கூடாகச் செய்திருப்பதால் காற்று அவர்களுடைய காதுத் துளைகளில் புகுந்து, ஒரு கூட்டம் வாயைத் திறக்காமல் முனகுவதுபோல் ஓசை எழுந்தது. சற்றுத் தள்ளிப் புல்லில் கிடந்தவர்களிடமிருந்து ஓசை இல்லை.

சாயபு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார். வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது. அதில் நான் உருவாரத்தை நிறுத்தினேன். காலடியில் மண்ணை அணைத்து நாச்சிமுத்து கல் வைத்து இறுக்கினார். காற்று அதன் காதுக்குள்ளும் புகுந்தது. முனகலில் ஒரு குரல் கூடியதை நான் கேட்டேன். கேட்டேன் என்றுதான் எழுத முடியும்.

திரும்பி வந்தபோது பாவாத்தாள் திண்டில் சாய்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். “உப்புப் பத்தலே,” என்று தாயைக் குறை சொன்னாள். காளியாத்தாள் உப்பை எடுத்துக்கொண்டு வரும் வழியில் அழுதார். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. என்ற புள்ளைக்காக உங்க புள்ள கைய உட்டுட்டீங்க. தாயி கைய உட்ட புள்ள அது. அதுக்கும் ஒண்ணு நிறுத்திப்போடலாமுங்க. எங்க கண்ணு முன்னால நிக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்.”

நான் கிறிஸ்தவப் பள்ளியில் இருபது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள். சரி என்று தலையாட்டினேன்.

குயவர் வந்து சேகரனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “கண்ணாடி வெக்கோணுங்களா, வேண்டாங்களா?”

“வையுங்கள். அது இல்லாமல் அவனுக்கு எதிரே நிற்கிறவரைத் தெரியாது,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சேகரனும் சிரித்தான். அன்று மாலை அவன் மூன்று உருண்டை களி தின்றதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் நான் புறப்பட்டேன். என்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினேன், அவன் வரவில்லை. வேலை இருக்கிறது, கழகம் இருக்கிறது என்றான். கழகத்தார் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கேட்கும் கேள்விகளில் முதலாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களாம்: நின்றதா, கிடந்ததா? யார் நிறுத்தினார்கள் என்று தெரியும் வரை ஒன்றையும் தொடுவதில்லை. தீர்மானத்தை எழுதியவர் அந்த வக்கீல்தான். சாயபுவின் மைக்கூடும் கழகத்திலேயே இருக்கிறது.

முன்பெல்லாம் நான் சேகரனுக்கு எழுதும் கடிதங்கள், ‘வேளைக்குச் சாப்பிடு’ என்று முடியும். இப்போது ‘நிற்கிறதா?’ என்று முடிகின்றன. அவன் மாதம் ஒருமுறை கருப்பராயன் கோயிலுக்குப் போய்த் தன் உருவாரத்தைப் பார்த்துவிட்டு, ‘நிற்கிறது’ என்று எழுதுகிறான். பாவாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். மூக்குக்கண்ணாடி போட்ட உருவாரத்தைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். அவனுக்கு அது வேடிக்கை.

நேற்றுப் பகல் இங்கே சோளகக் காற்று, அங்கே ஆடிக்காற்று என்பார்களே அதுதான், தொடங்கியது. வகுப்பறை ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. நான் கரும்பலகையில் பாதி எழுதியதை விட்டுவிட்டு, அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க வெளியே போனேன். அங்கேயும் இதே மாதத்தில்தான் காற்று எழும். இன்று காலை முதல் தபாலில் கடிதம் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சொல்தான் எழுதினேன்.

பதில் வரப் பத்து நாள் ஆகும்.